அஜினோமோட்டோவால்தான் அம்மாவுக்கு மறதி வந்ததா?

செவ்வாய்ப்பேட்டை மகள்:
அம்மாவுக்கு 71 வயது. 30 வருடம் திண்ணையில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோர்த்தவர். இப்போது ஒரு மணியைக் கையில் எடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறார். அல்சைமர், நடுக்கட்டம் என்கிறார்கள். டாக்டர் புதிதாக மெமான்டைன் 5 மி.கி. எழுதி, "மூளையில் குளுட்டமேட் தொல்லையைக் குறைக்கும்" என்றார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சித்தி, "அஜினோமோட்டோவும் குளுட்டமேட்தானே, ஞாயிறுதோறும் நீ வாங்கிக் கொடுத்த ஃப்ரைடு ரைஸ்தான் காரணம்" என்கிறார். மூன்று நாளாகத் தூக்கமில்லை. தக்காளியிலும் அது இருக்கிறதாம், ரசத்தையும் நிறுத்திவிட்டேன். சரிதானா?

ஏற்காடு மருந்தாளுநர்:
முதலில் ரசத்தை வையம்மா. சாப்பாட்டில் வரும் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே எரித்துவிடும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு, மிச்சத்தை லேசில் உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

சித்தி பயப்படவும் காரணம் உண்டு. 1969ல் ஜான் ஓல்னி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சுண்டெலிக் குட்டிகளுக்கு அதை நிறைய ஊசியில் ஏற்றியபோது மூளை அணுக்கள் செத்தன. ஊசி வேறு, தட்டு வேறு.

மூளை அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் பொருள்தான் குளுட்டமேட். அது இல்லாமல் எதுவும் மனதில் பதியாது. அந்தச் சேதியை வாங்கிக்கொள்ள அணுவின் மேல் என்எம்டிஏ என்ற ஏற்பி, ஒரு வாசல் மாதிரி, இருக்கிறது. அதன் துளையை மெக்னீசியம் அடைத்திருக்கும். பலமான சமிக்ஞை வந்தால் விலகும், கால்சியம் உள்ளே போகும், பாடம் பதியும். அல்சைமரில் குளுட்டமேட் தேங்கி, கால்சியம் ஓயாமல் கசிந்து அணு நைந்துபோவதாகக் கருதுகிறார்கள். மெமான்டைன் மெக்னீசியத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக உட்கார்ந்து அந்தக் கசிவைத் தடுக்கும், நிஜமான சமிக்ஞைக்கு வழிவிடும். போன நினைவைத் திருப்பித் தராது, இருப்பதைக் கொஞ்சகாலம் பிடித்துவைக்கப் பார்க்கும். வழக்கமாக வாரம் 5 மி.கி. கூட்டி 20 வரை போவார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், டாக்டரிடம் சொல்.

காப்பித்தோட்டம்:
அக்கா, எங்கள் அப்பாவுக்கு முதல் வாரம் தலைசுற்றல், அப்புறம் மலச்சிக்கல். திண்ணைப் படியில் இறங்கும்போது கையை விடாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை மகள்:
ஐயா, சித்திக்கு இதை வாசித்துக் காட்டினேன். எதுவும் சொல்லாமல் புளி கரைக்கப் போனார். சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று பார்க்கப் போன மாதம் எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டை மருந்துச் சீட்டோடு பின் போட்டு வைத்துவிட்டேன், திங்கட்கிழமை காட்டுகிறேன். அம்மாவுக்குப் பெரிய மணியாகப் பொறுக்கிக் கொடுத்தேன். நான்கு கோர்த்தார்.