சாப்பிட மறுக்கும் பிள்ளை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பாம்பன் அம்மா:
மகனுக்கு நாலு வயது. வெள்ளைச் சோறு, தயிர், சட்னி படாத இட்லி, அவ்வளவுதான். இந்த வகைப் பிள்ளையை உங்களுக்கே தெரியும். ஜூனில் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய் வந்ததும் மாமியார் நகரை மீன் குழம்பு வைத்தார். இவன் தொட மாட்டேன் என்றதும் நாத்தனார் மூக்கைப் பிடித்து, வாய் திறந்த நேரம் ஒரு துண்டை உள்ளே தள்ளிவிட்டார். அவன் கத்தவில்லை, மெல்லவும் இல்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கண்ணீர் வழிய என்னையே பார்த்தான். கொல்லைக்குத் தூக்கிப் போய்த் துப்ப வைத்தேன். இப்போது தயிர்ச்சோற்றைக்கூட மோந்து பார்த்துத்தான் வாங்குகிறான்.

கீழக்கரை வாப்பா:
நாத்தனாரை ரொம்பக் குறை சொல்லாதீர்கள் சகோதரி. எங்கள் உம்மா எங்களை அப்படித்தான் வளர்த்தார். ரெண்டு வேளை பட்டினி போட்டால் வழிக்கு வருவான். என் மகள் வீட்டில் கஞ்சி என்றாலே ஓடுவாள். ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைத் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உச்சிப்புளி டீச்சர்:
பட்டினி போடச் சொல்வது தப்பு. உங்கள் மகள் பசியால் குடிக்கவில்லை அண்ணே, மற்ற பிள்ளைகள் குடிப்பதைப் பார்த்துக் குடித்தாள். யாரும் வற்புறுத்தவும் இல்லை. என் மகள் அப்படித்தான், நான் நெத்திலி ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து தலை கிள்ளுவாள். ஒருநாள் வறுத்ததில் ஒன்றைத் தானே எடுத்துக் கடித்தாள்.

பாம்பன் தங்கச்சிக்குச் சொல்கிறேன். ரெண்டிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டு மிரள்வது சகஜம். ஒரு பண்டத்தைப் பிள்ளை ஏற்க 10, 15 தடவைகூடக் கண்ணில் காட்ட வேண்டியிருக்கும். பழகிய சோற்றுக்குப் பக்கத்தில் விரல்நுனி அளவு வையுங்கள், தின்னச் சொல்லாதீர்கள். அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் சொன்ன முறை இது: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு; சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளை பொறுப்பு. பால் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பசி மந்தமாகும், இரும்புச்சத்தும் குறையும். எடை குறைந்தாலோ, பார்த்ததுமே குமட்டினாலோ, சாப்பிடுகிற நாலைந்து பண்டங்களும் ஒவ்வொன்றாகக் கழிந்தாலோ குழந்தை மருத்துவரிடம் போங்கள். அடம் என்று விட்டுவிடாதீர்கள். இதில் கடுமையான வகையை 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தனிக் கோளாறாகவே தன் கையேட்டில் சேர்த்தது.

தொண்டி அப்பா:
டீச்சர் சொன்னது சரி, ஆனால் முள் பயம் உள்ள பிள்ளைக்கு நெத்திலியில் தொடங்க வேண்டாம். பால் சுறாப் புட்டு மேல். முள் இல்லை, உதிரியாக இருக்கும், மஞ்சள் போடாவிட்டால் நிறமும் வெள்ளைதான். என் மகன் தட்டில் வைத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது என் தட்டிலிருந்து அள்ளித் தின்றிருக்கிறான். இப்போதும் என் தட்டில்தான் தின்பான், தனியாக வைத்தால் வேண்டாம் என்பான். சரி என்று நான் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுக்கொள்கிறேன்.