இறைச்சிப் பிரியர்களுக்கு மரக்கறியைப் பழக்குவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளையும் நுவரெலியா மண்ணிலேயே நாங்கள் வாழ்ந்தாலும், கோழியோ கருவாடோ இல்லாத நாளில் என் கணவரும் இரு மகன்மாரும் சோற்றைப் பாதியிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது; எங்கள் வீட்டில் அதில் கால்வாசியும் சேர்வதில்லை. கணவருக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருப்பது தெரிந்ததிலிருந்து இது எனக்குப் பெருங்கவலையாகிவிட்டது.

சென்ற வாரம் கோழிக்கறியில் இறைச்சியைப் பாதியாகக் குறைத்து, பிஞ்சுப் பலாக்காயைத் துண்டுகளாக வெட்டிச் சேர்த்து, கறுவாவும் ரம்பையும் இட்டு, வறுத்த தூளில் நன்றாக வற்றும்வரை சமைத்தேன். இளையவன் மீண்டும் கேட்டு வாங்கி உண்டான். மூத்தவனோ பலாக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைத்தான். லீக்ஸை வதக்கினால் நீர் விட்டுக் குழைந்துவிடுகிறது, அதை ஒருவரும் தொடுவதில்லை.

இறைச்சியை முற்றாக நிறுத்தும் எண்ணம் எனக்கில்லை. இப்படிப்பட்ட குடும்பத்தை மெல்ல மாற்றியவர்கள் எந்த மரக்கறியில் தொடங்கினீர்கள், லீக்ஸையும் போஞ்சியையும் எவ்வாறு சமைத்தீர்கள், பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டியில் எதை வைத்தால் மிச்சமின்றித் திரும்பும் என்பதை விரிவாக எழுதுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.