காரைக்குடிப் பக்கம் மானாவாரி நிலத்தில் ஆட்டுப்பண்ணை: நூறு ஆடுகளுடன் தொடங்கலாமா?

கேள்வி: பள்ளத்தூர்க்காரர்

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூருக்கு அருகில் எங்கள் தாத்தா காலத்து நிலம் நான்கு ஏக்கர் இருக்கிறது. செம்பாறை கலந்த மண். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய பூமி. கிணறு ஒன்று உண்டு. ஆனால் சித்திரை, வைகாசியில் அதை வைத்து ஒரு ஏக்கருக்கு மேல் பாய்ச்ச இயலாது. பன்னிரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, இனி ஊரோடு இருந்துவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் நூறு பெட்டை வெள்ளாடுகளும் ஐந்து கிடாக்களும் கொண்ட பண்ணைக்கு மூலதனச் செலவில் 50 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைக்கும் என்பதால், தரையிலிருந்து உயர்த்திய பரண் அமைத்து, மேய்ச்சலுக்கு விடாமல் கொட்டில் முறையில் வளர்க்க எண்ணுகிறேன். என் தாயாரோ, "நம் ஊரில் ஆட்டைக் கட்டிப்போட்டு யார் வளர்த்தார்கள்?" என்று கேட்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கல்லல் ஆட்டுக்காரர்

தம்பி, உங்கள் தாயார் கேட்டது சரியான கேள்வி. நாங்கள் மூன்று தலைமுறையாகச் செம்மறி மேய்ப்பவர்கள். இந்தச் சீமையில் ஆடு வளர்த்தவன் தீவனத்துக்குப் பணம் கொடுத்ததில்லை. அறுவடை முடிந்த வயலும், நீர் வற்றிய கண்மாயின் உட்பகுதியும், புறம்போக்கும்தான் அவனுக்குத் தீவனக் களஞ்சியம். அதற்கும் மேலாக, தை, மாசியில் கதிர் அறுத்த பிறகு ஆடி விதைப்பு வரை சம்சாரிகளே, அதாவது விவசாயிகளே, வந்து தங்கள் வயலில் கிடை போடச் சொல்வார்கள். இரவு முழுவதும் ஆடு அங்கே அடையும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அதற்குக் கூலியாக என் பாட்டனார் காலத்தில் நெல் அளந்தார்கள், என் தகப்பனார் காலத்தில் பணம் தந்தார்கள். ஆட்டுக்குட்டி விற்ற காசு முதலாகத் திரும்ப, அன்றாடச் செலவைக் கிடைக் கூலியே தாங்கியது. நம் பக்கத்து நாட்டு இனமான புலிக்குளம் மாடுகளைத் தொழுவத்தில் கட்டாமல் மந்தையாக ஓட்டி வயல்களில் கிடை போட்டு வளர்த்ததும் இதே கணக்கில்தான்.

உர மூட்டை வந்தபின் கிடைக்கு மதிப்புக் குறைந்தது. புறம்போக்கைச் சீமைக்கருவேலம் மூடியது. ரோட்டோர நிலங்கள் வீட்டுமனைகளாகி வேலி விழுந்தது. ஆகவே, மேய்ச்சலை மட்டும் நம்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், நிலம் சும்மா கொடுத்ததையெல்லாம் கொட்டில் ஆட்டுக்கு விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும் என்பதை அறிந்து இறங்குங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

முன்னவர் சொன்னதை எண்களில் வைத்துப் பார்ப்போம். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு மூன்றிலிருந்து நான்கு கிலோ பசுந்தீவனம் வேண்டும். நூறு ஆடுகளுக்கு 350 கிலோ என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 128 டன் ஆகிறது; குட்டிகளும் அடர்தீவனமும் இதில் சேரவில்லை. கோ.எஃப்.எஸ். 29 என்ற பலமுறை அறுக்கும் தீவனச் சோளம் நல்ல பாசனத்தில் ஆண்டுக்கு ஏக்கருக்கு 70 டன் வரை தரும் என்பார்கள். செம்பாறை மண்ணில், கோடையில் வற்றும் கிணற்றை வைத்து அந்த விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம். இருபது ஆடுகளுக்கு ஆண்டுக்கு 25 டன் போதும். உங்கள் கிணற்றால் இயல்வது அதுதான். மீதி மூன்று ஏக்கரில் மழைக்கு முன் கொழுக்கட்டைப் புல்லும் பயறுவகைத் தீவனமான வேலிமசாலும் விதைத்து, வேலியோரம் சூபாபுல் மரம் நடுங்கள். சூபாபுல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதிலுள்ள மைமோசின் நச்சால் முடி உதிரும்.

மானியம் மூலதனத்துக்கு மட்டுமே உரியது; அதுவும் இரண்டு தவணைகளாக வரும். தீவனச் செலவும் ஆள் கூலியும் முதல் குட்டியை விற்கும் வரை உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். மானிய வரம்பை எட்டுவதற்காக நூறு ஆடுகளை ஒரே மூச்சில் சந்தைகளில் வாங்கி அடைத்தவர்களின் பண்ணைகளுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். பல ஊர் ஆடுகள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால் ஆட்டுக்கொல்லி என்ற தொற்றும் வைரஸ் நோய்க்கு வழி திறந்துவிட்டதாகப் பொருள். ஒரே மாதத்தில் பாதி மந்தை போனதை நேரில் கண்டவன் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். வாங்கும் ஆட்டை மூன்று, நான்கு வாரமாவது தனியே வையுங்கள். மூன்று மாதக் குட்டியிலிருந்து ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போடலாம். துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்கு முன் போட வேண்டும். கண்ணின் கீழிமை உட்புறம் வெளுத்திருந்தால் குடற்புழு என்று சந்தேகப்படுங்கள்.

பள்ளத்தூர்க்காரர்

ஐயா இருவருக்கும் நன்றி. முதலில் ஒரு ஏக்கரில் தீவனம் விதைத்துவிட்டு, அது அறுப்புக்கு வந்த பிறகு இருபது பெட்டையும் ஒரு கிடாவும் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். எந்த மாதத்தில் கிடாவைச் சேர்ப்பது நல்லது?

பதில்: கல்லல் ஆட்டுக்காரர்

ஆவணியில் சேருங்கள். சினைக்காலம் 150 நாள். குட்டி தையில் விழும். அடைமழையும் ஈரவாடையும் நின்றிருக்கும். மழைக்கு முளைத்த பச்சை இருப்பதால் தாய்க்குப் பால் ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கும் குட்டிகளில் பல சளி பிடித்தே சாகும். தைக் குட்டி அடுத்த ஐப்பசியில் ஒன்பது மாதம் நிறைந்து, தீபாவளிக்கு விலைபோகும் எடையில் நிற்கும். திருப்புவனம் செவ்வாய்ச் சந்தைக்கு இப்போதே இரண்டு முறை போய், எதுவும் வாங்காமல், விலையை மட்டும் கேட்டு வாருங்கள். வாங்கும் நாள் வரும்போது பல்லையும் மடியையும் பார்த்து, முடிந்தால் ஒரே மந்தையிலிருந்து எடுங்கள்.