சர்காசத்துக்குத் தமிழ்ச்சொல்: எள்ளலா, குத்தலா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நகைச்சுவையின் வகைகளும் சமூக விமர்சனத்தில் அவற்றின் பயனும் பற்றிய பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தின் சட்டயருக்கு (satire) அங்கதம், ஐரனிக்கு (irony) முரண்நகை, பாரடிக்குப் (parody) பகடி என்று எழுதிவிட்டேன். சர்காசம் (sarcasm), அதாவது எதிரே இருப்பவரைச் சுடும் கேலிப்பேச்சு, வரும் இடங்களில் மட்டும் எள்ளல், கிண்டல், நையாண்டி என மூன்று சொற்கள் என் படியிலேயே மாறி மாறி நிற்கின்றன. மாணவர்கள் அவற்றை மூன்று கருத்துகளாகப் படித்துவிடுவார்கள். ஒரு சொல்லைச் சொல்லி உதவுங்கள்.

*

ஐயா, வணக்கம்.

எள்ளலை இதற்குச் செலவிட்டுவிட வேண்டாம். "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று நகை பிறக்கும் களன்கள் நான்கினுள் முதலாவதாகத் தொல்காப்பியம் வைத்த சொல் அது. தான் பிறரை எள்ளி நகுவதையும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுவதையும் தொல்காப்பிய உரையாசிரியர்களுள் ஒருவரான பேராசிரியரின் உரை அதற்குள் அடக்குகிறது. அவ்வளவு அகன்ற சொல்லை முகத்துக்கு நேரே வீசும் சுடுசொல்லுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டால், பொதுப்பெயருக்கு எங்கே போவது? குத்தல் என்பதே என் பரிந்துரை. 'குத்தலாகப் பேசினார்' என்றால் பொருள் கேட்பவர் எவருமில்லை.

அங்கதம் தோளணியைக் குறிக்கும் வடசொல் என்பதால் அதையும் விலக்க வேண்டும் என்று இங்கே முன்பு எழுந்த வாதம் இப்போதும் எனக்கு உடன்பாடில்லை. வேர் எதுவாயினும், தொல்காப்பியத்தின் செய்யுளியல் அதைச் "செம்பொருள் கரந்தது என இரு வகைத்தே" என்று பகுத்து, வெளிப்படையாகப் பழிப்பதை வசை என்றும் மறைத்துப் பழிப்பதைப் பழிகரப்பு என்றும் பெயரிட்டுவிட்ட பிறகு, அது நம்முடைய கலைச்சொல்தான்.

*

மதிப்பிற்குரிய நண்பருக்கு,

குத்தல் பேச்சுவழக்குச் சொல். அதில் வலி இருக்கிறது, நகை இல்லை. புகழ்வதுபோலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சி என்ற அணிப்பெயர் கைவசம் இருக்கையில் புதிய சொல் எதற்கு? புறநானூற்று 95ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் பகைவனான தொண்டைமானின் படைக்கலங்களைப் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல்மிக்க அரண்மனையில் இருப்பவை என்கிறார். அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன. ஒரு கடுஞ்சொல்லும் இல்லாமல், போர் காணாத ஆயுதம் என்பதைத் தொண்டைமானே உணரும்படி செய்துவிடுகிறார்.

*

ஐயா,

நல்ல பாட்டை நினைவூட்டினீர்கள். "பகைவர்க் குத்தி" என்று அந்தப் பாட்டே குத்துதலை ஆள்வதால், அது சான்றோர் செய்யுளுக்கு ஆகாத வினையன்று என்பதையும் ஏற்பீர்கள்.

வஞ்சப்புகழ்ச்சி என் எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. இரண்டு மணி நேரம் தாழ்ந்து வந்தவரிடம் 'இவ்வளவு விரைவாக வந்துவிட்டீர்களே' என்பது வஞ்சப்புகழ்ச்சி. 'உங்கள் வீட்டில் கடிகாரமே கிடையாதா' என்பதில் புகழ்ச்சி எங்கே இருக்கிறது? இரண்டும் சர்காசம்தான், இரண்டையும் தாங்குவது குத்தல் ஒன்றே.

மாணவர்களுக்கு இந்த வேறுபாடு தேவைப்படுவதால்தான் இவ்வளவு தூரம் வாதாடுகிறேன். குத்தல் எதிரே நிற்கும் ஆளைத் தைக்கிறது. அங்கதம் வழக்கத்தையும் அதிகாரத்தையும் நோக்கிப் போகிறது. ஒரே மனுவை நான்கு மேசைகளுக்கு அலையவிடும் அலுவலகத்தில், வாசலில் நிற்கும் காவலாளியைக் கேலி செய்வது சமூக விமர்சனம் ஆகாது. அந்த நான்கு மேசைகளும் மனுவைத் தள்ளிவிடும் முறையை எழுதினால்தான் அது அங்கதம். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால், எளியவரை இகழ்ந்த கட்டுரையும் துணிவான விமர்சனம் என்று மதிப்பெண் வாங்கிவிடும்.

*

நண்பர்களே,

வேறுபாட்டை ஏற்கிறேன், சொல்லை ஏற்கவில்லை. முரண்நகை என்பதில் நகை இருப்பதுபோலக் குத்தல்நகை என்றாவது எழுதுங்கள். நகையை விட்டுவிட்டால் அது நகைச்சுவையின் வகை என்பதே தெரியாமல் போகும்.

*

அனைவருக்கும் நன்றி.

சிலர் குத்தல் என்கிறீர்கள். ஒருவர் குத்தல்நகை என்கிறார். பாடத்தில் சொல் பதினான்கு இடங்களில் வருகிறது. முதல் இடத்தில் மட்டும் குத்தல்நகை என்று எழுதி, அடுத்து வரும் இடங்களில் குத்தல் என்றே விட்டிருக்கிறேன். படி இன்று மாலை அச்சுக்குப் போகிறது.