ரிக்கி ஸ்டூவர்ட்: பெரிய பயிற்சியாளரா, பெரிய ஆட்டக்காரர் மட்டுமா?

கான்பராவாசி:
2025 செப்டம்பர் முடிந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. ரிக்கி ஸ்டூவர்டின் பயிற்சியில் ஆஸ்திரேலிய ரக்பி லீக் அணியான கான்பரா ரெய்டர்ஸ் 24 லீக் சுற்று ஆட்டங்களில் 19-ஐ வென்று, 1990-க்குப் பிறகு முதல் முறையாகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிறகு சொந்த மைதானத்தில் பிரிஸ்பேனுக்கு எதிராக 28-12 என்று முன்னணியில் இருந்தும், கோல்டன் பாயின்டில் (சமநிலைக்குப் பிறகு, முதலில் புள்ளி எடுப்பவர் வெல்லும் கூடுதல் நேரத்தில்) 28-29 என்று தோற்றது. அடுத்த வாரம் குரோனல்லா 32-12 என்று கதையை முடித்தது. அன்றிரவே பழைய பேச்சு மறுபடி கிளம்பிவிட்டது: ஸ்டூவர்டுக்கு இறுதி வரை கொண்டுபோகத் தெரியும், கோப்பையை எடுக்கத் தெரியாது.

இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. அவர் கான்பராவை ஒட்டியுள்ள குவீன்பியனில் பிறந்து வளர்ந்தவர். முதலில் ஆடியது ரக்பி யூனியன். 1987-இல் ஆஸ்திரேலிய யூனியன் அணியான வாலபீஸோடு அர்ஜென்டினா சுற்றுப்பயணமே போயிருக்கிறார். 1988-இல் ரக்பியின் இன்னொரு வடிவமான லீக்குக்கு மாறி ரெய்டர்ஸில் சேர்ந்தார். அணிக்கு 13 பேர், 6 டேக்கிளுக்குள், அதாவது எதிரணி ஆறு முறை பிடித்து நிறுத்துவதற்குள், பந்தை நகர்த்தி முடித்துவிட வேண்டிய ஆட்டம் இது. அந்த ஆறையும் எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிப்பவர் ஹாஃப்பேக், ஸ்டூவர்ட் ஆடிய இடம் அது. யூனியனில் பழகிய, சுழன்று நீளமாகப் போகும் பாஸை ஸ்டூவர்ட் லீக்குக்குக் கொண்டுவந்தார். மைதானத்தின் முழு அகலத்தையும் ஒரே வீச்சில் திறந்துவிடுவார். 1989, 1990, 1994 என மூன்று கோப்பைகள். 1990 இறுதிப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம். 1993-இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான டேலி எம், ரோத்மன்ஸ் இரண்டு பதக்கங்களும்.

அப்படிப்பட்டவர் பயிற்சியாளராக முதல் மூன்று ஆண்டும் சிட்னி ரூஸ்டர்ஸை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். 2002-இல் கோப்பையே வென்றார். பிறகு தன் சொந்த ஊருக்குத் திரும்பி, 2014-இல் 15-ஆவது இடத்தில் கிடந்த அணியை 2016-இல் இரண்டாமிடத்துக்கும் 2019-இல் இறுதிப் போட்டிக்கும் ஏற்றினார். இவரைப் பெரிய பயிற்சியாளர் என்று சொல்லாவிட்டால் யாரைச் சொல்வது?

பரமட்டா நேசன்:
அண்ணா, நீங்கள் எண்ணிக் காட்டிய ஆண்டுகளுக்கு நடுவில் பத்து ஆண்டுகளைக் காணவில்லை. அதை நான் நிரப்புகிறேன்.

2002 கோப்பை: அந்த ஆண்டு பட்டியலில் முன்னணியில் இருந்தது புல்டாக்ஸ். சம்பள உச்சவரம்பை மீறியதற்காக அவர்களிடமிருந்து 37 புள்ளிகள் பறிக்கப்பட்டன. வலிமையான அணி ஆகஸ்டிலேயே வெளியே போய்விட்டது. ரூஸ்டர்ஸோ, கிரஹாம் மரேயின் கீழ் 2000-இலேயே இறுதிப் போட்டி ஆடிய அணி. கேப்டன் பிராட் ஃபிட்லர். ஆக, ஸ்டூவர்ட் கையில் எடுத்தது ஏற்கெனவே உருட்டித் தயாராக வைத்திருந்த மாவு.

அடுத்தது சரிவு. 2003 இறுதிப் போட்டியில் பென்ரித்திடம் 6-18. 2004-இல் புல்டாக்ஸிடம் 13-16. 2006-இல் ரூஸ்டர்ஸ் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது, அவரும் வெளியேறினார். குரோனல்லாவில் 2008 நன்றாகப் போனது, அரையிறுதியில் மெல்பர்னிடம் 0-28. மறு ஆண்டே அணி அடிமட்டத்துக்குப் போனது, 2010 நடுவில் விலகினார். அதே 2008-இல் ஆஸ்திரேலிய அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். பிரிஸ்பேனில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்திடம் 20-34.

பிறகு 2013, எங்கள் பரமட்டா. மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டு வந்தார். பருவத்தின் நடுவிலேயே 12 வீரர்களிடம், அடுத்த ஆண்டு உங்களுக்கு இங்கே இடமில்லை என்று அறிவிக்கப்பட்டது. மீதி ஆட்டங்களை ஆட வேண்டியவர்களும் அதே 12 பேர்தான்! பட்டியலில் கடைசி இடம், இங்கே 'மரக்கரண்டி' என்பார்கள். ஒரே ஆண்டில் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுக் கான்பராவுக்குப் போய்விட்டார். பாதி வீட்டை இடித்துப் போட்டுவிட்டுக் கொத்தனார் ஊருக்குக் கிளம்பிய மாதிரிதான் எங்களுக்கு இருந்தது.

சேவல் கொடி:
ரூஸ்டர்ஸ் ரசிகனாக ஒன்று சொல்ல வேண்டும். மாவு தயாராக இருந்தது என்பது 2002-க்கு வேண்டுமானால் பொருந்தும். 2003-க்கும் 2004-க்கும் எப்படிப் பொருந்தும்? வாங்கி வைத்த பெயரில் யாரும் மூன்று ஆண்டு தொடர்ந்து இறுதிப் போட்டி ஆடுவதில்லை. 2004-இல் லீக் சுற்றில் முதலிடமும் நாங்கள்தான். அந்த மூன்று ஆண்டுகளிலும் எங்கள் அணி அடித்த டேக்கிள்களை இன்னும் மறக்க முடியவில்லை. தடுப்பாட்டத்தைக் கொண்டே எதிரணியை மூச்சுத் திணற வைத்தவர் ஸ்டூவர்ட்.

37 புள்ளி விவகாரத்தில் மட்டும் நேசன் சொல்வது நியாயம். புல்டாக்ஸ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எங்கள் கோப்பையோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும்.

பிரிஸ்பேன் மங்கை:
நான் குயின்ஸ்லாந்துக்காரி. எங்கள் மாநிலமும் நியூ சவுத் வேல்ஸும் ஆண்டுதோறும் மோதும் ஆரிஜின் தொடரில் ஸ்டூவர்ட் எங்களுக்கு எதிராளி. 2005-இல் நியூ சவுத் வேல்ஸுக்காக எங்களை 2-1 என்று வென்றார். 2011, 2012 இரண்டிலும் 1-2 என்று தோற்றார். அந்தக் கடைசி ஆட்டம் 21-20, கூப்பர் கிராங்க்கின் ஒரே ஒரு ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் நடுவே கம்பங்களுக்கிடையே உதைத்து எடுக்கும் ஒரு புள்ளி). ஆகவே அவரைத் திறமையில்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் குறை வேறு.

1990-இல் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த இரண்டாவது டெஸ்ட் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? வெம்ப்ளியில் முதல் டெஸ்டை ஆஸ்திரேலியா கிரேட் பிரிட்டனிடம் 12-19 என்று தோற்றிருந்தது. இதிலும் வெல்லாவிட்டால் தொடரை வெல்லும் வாய்ப்பே போய்விடும். 10-6 என்று முன்னால் இருந்தபோது ஸ்டூவர்ட் வீசிய நீண்ட பாஸை பிரிட்டனின் பால் லாஃப்லின் இடைமறித்து ஓடி டிரை போட்டார் (எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் 4 புள்ளி). 10-10. ஆட்டம் முடியும் தறுவாயில் அதே ஸ்டூவர்ட் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு தடுப்பை உடைத்து ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஆதரவுக்கு வந்தவர் மால் மெனிங்கா. பந்து கைமாறியது, டிரை, 14-10. தான் போட்ட முடிச்சைத் தன் காலாலேயே அவிழ்த்தார்.

பயிற்சியாளருக்கு அந்த வழி கிடையாது. மேலே பெட்டிக்குள் உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். 2008 உலகக் கோப்பை இறுதிக்குப் பிறகு நடுவரிடம் கடுமையாகப் பேசி அபராதம் கட்டி ஆஸ்திரேலியப் பொறுப்பை விட்டார். 2022-இல் பென்ரித்தின் இளம் வீரர் ஒருவரைச் செய்தியாளர் சந்திப்பிலேயே இழிவாகப் பேசி, ஒரு வாரத் தடையும் 25,000 டாலர் அபராதமும் பெற்றார். இரண்டுக்கும் இடையில் 14 ஆண்டுகள். கோபம் இறங்கவேயில்லை. இறங்கி ஓட முடியாதவரின் தவிப்பாகத்தான் அதைப் பார்க்கிறேன். காரணம் புரிவதால் அது சரியாகிவிடாது.

கான்பராவாசி:
அக்கா, 2022-இல் அவர் பேசியதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது தவறு, அவரே பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனால் நீங்கள் சொன்ன ஓல்ட் டிராஃபோர்டிலிருந்து நான் வேறொரு முடிவுக்கு வருகிறேன்.

1993-ஐ நினைத்துப் பாருங்கள். கான்பராவின் புரூஸ் மைதானத்தில் பரமட்டாவை 68-0 என்று நொறுக்கிய ஆட்டம். (நேசன் மன்னிக்க வேண்டும்.) அதே ஆட்டத்தில் ஸ்டூவர்டின் கணுக்கால் உடைந்தது. கோப்பை கையில் இருக்கிறது என்று நகரமே நம்பிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அந்த அணி ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. லாரி டேலி, மெனிங்கா, பிராட்லி கிளைட் என்று அத்தனை பேர் இருந்தும்! ஒருவரே சுமக்கும் அணி எவ்வளவு எளிதில் முறியும் என்பதை அவர் ஊன்றுகோலோடு நின்று பார்த்தவர்.

அதனால்தானோ என்னவோ, கான்பராவில் அவர் கட்டியது வேறு மாதிரி அணி. இங்கே ஜூலை மாதக் காலைகளில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். கடற்கரை கிடையாது. சிட்னிப் பெரிய பெயர்கள் இங்கே வரத் தயங்குவார்கள். அவர் இங்கிலாந்துக்குப் போய்த் தேடினார்: ஜோஷ் ஹாட்ஜ்சன், எலியட் வைட்ஹெட், ஜான் பேட்மன். 1994-க்குப் பிறகு எங்களை முதன்முதலாக இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2023 முடிவில் ஜாக் வைட்டன் சவுத் சிட்னிக்குப் போனபோது எங்கள் கதை முடிந்தது என்றார்கள். இரண்டே ஆண்டில் ஈத்தன் ஸ்டிரேஞ்ச், கேயோ வீக்ஸ் போன்ற இளைஞர்களை வைத்து லீக் சுற்றில் முதலிடம். இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

சேவல் கொடி:
2019 இறுதிப் போட்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? வென்றது எங்கள் அணி, 14-8. இருந்தாலும் சொல்கிறேன். 8-8 என்று இருந்தபோது கான்பரா உயர்த்தி உதைத்த பந்து கைகளில் பட்டுத் திரும்பியது. நடுவர் கையை உயர்த்தி 'மீண்டும் ஆறு', அதாவது ஆறு டேக்கிளும் புதிதாகத் தொடங்கும் என்று சைகை காட்டினார். வைட்டன் அதை நம்பி டேக்கிளை வாங்கிக்கொண்டார். அதற்குள் முடிவு மாற்றப்பட்டிருந்தது. அது ஆறாவது டேக்கிள், பந்து எங்களுக்கு. கொஞ்ச நேரத்தில் எங்கள் டெடெஸ்கோ டிரை போட்டுவிட்டார். தோற்ற அணியிலிருந்து வைட்டனுக்குத்தான் அன்று சர்ச்சில் பதக்கம். அந்தச் சைகை இல்லாமல் இருந்திருந்தால் ஸ்டூவர்ட் கணக்கில் இரண்டு கோப்பைகள் இருந்திருக்கலாம். இந்த விவாதமே இருந்திருக்காது.

பரமட்டா நேசன்:
சைகை தவறு, இறுதி முடிவு சரி என்பதுதான் என் எண்ணம். கடைசியாகப் பந்தைத் தொட்டது கான்பரா கை. அதை விட்டுவிடுவோம்.

என் கேள்வி கிரேக் பெல்லாமியைப் பற்றியது. அவரும் அதே ரெய்டர்ஸில், ஸ்டூவர்டும் மெனிங்காவும் இருந்த அதே ஓய்வறையில் இருந்தவர். நட்சத்திரம் கிடையாது. பதக்கம் எதுவும் கிடையாது. பிரிஸ்பேனில் வெய்ன் பென்னட்டிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்று, 2003-இல் மெல்பர்னுக்குப் போனார். இன்றுவரை அங்கேயே இருக்கிறார். சம்பள மீறலுக்காக 2007, 2009 கோப்பைகள் பறிபோன பிறகும் 2012, 2017, 2020 என்று மறுபடி வென்றார். 2016 அரையிறுதியில் கான்பராவை 14-12 என்று நிறுத்தியதும் அவர் அணிதான்.

ஸ்டூவர்ட் 2000-இல் ஆட்டத்தை நிறுத்தினார், 2002-இல் முதல் தர அணியின் தலைமைப் பயிற்சியாளர். அடியிலிருந்து நீண்ட காலம் படித்து வரவில்லை. மேதையாக ஆடியவருக்கு, மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்பது எளிதில் புரியாது. 2013-இல் எங்கள் 12 வீரர்களுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் சாதாரண ஆட்டக்காரர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். சாதாரண ஆட்டக்காரர்களை ஓர் ஆண்டுக்காவது நிமிர்ந்து நிற்கவைக்கத்தானே பயிற்சியாளர்?

பிரிஸ்பேன் மங்கை:
மெனிங்கா அதற்கு மாறான கதை, தம்பி. அவரும் மேதைதான். 1997 முதல் 2001 வரை ரெய்டர்ஸ் பயிற்சியாளராக இருந்து ஓர் இறுதிப் போட்டியைக்கூடக் காணவில்லை. அதே மனிதர் 2006 முதல் 2015 வரை குயின்ஸ்லாந்தை நடத்தி 10 தொடரில் 9-ஐ வென்றார். ஸ்மித், தர்ஸ்டன், ஸ்லேட்டர், இங்லிஸ் இருந்தார்கள், சரி. அவர்கள் ஒரே குடும்பமாக இருந்ததற்குக் காரணம் அவர்தான். வாரா வாரம் வேலை வாங்குவது அவருக்கு ஒத்துவரவில்லை, பெரிய வீரர்களை ஒன்றுசேர்ப்பது ஒத்துவந்தது. ஸ்டூவர்டுக்கு நேர் எதிர். மாநிலமும் நாடும் அவருக்குத் தலைவலிதான் தந்தன. ஒரு ஊர், ஒரு கூட்டம் பையன்கள், பல ஆண்டுகள் என்றால் அவர் தேறுகிறார்.

ஆனால் கான்பராவாசி அண்ணா, 28-12-க்குப் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டீர்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் உங்கள் பையன்கள் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைத்திருக்க வேண்டாமா? எங்கள் பென் ஹன்ட் அடித்த ஃபீல்டு கோலைக் கொண்டாடினேன். அதே நேரத்தில் இந்தக் கேள்வியும் எனக்கு இருந்தது.

கான்பராவாசி:
நகரவில்லை அக்கா, எழுதக் கை வரவில்லை. நான் மைதானத்தில் இருந்தேன். ஒன்றின்பின் ஒன்றாக டிரை விழுந்தபோது, ஆறு டேக்கிளையும் நிதானமாக எண்ணி முடித்துப் பந்தைத் தொலைவில் உதைக்க ஒருவர் இல்லாததை எல்லோரும் பார்த்தோம். 1990-இல் அந்த வேலையைச் செய்தவர் மேலே பெட்டிக்குள் இருந்தார். சின்னப் பையன்களுக்கு அந்த நிதானத்தை ஏற்றிவிடாதது பயிற்சியாளரின் குறை என்றால், ஆம், அது அவர் கணக்கில்தான் வரும். அந்த ஒரு இரவுக்கு நான் சாக்குச் சொல்லப் போவதில்லை.

நேசன் தம்பிக்கு: 2013-இல் அவர் கான்பரா வந்ததற்குக் குடும்பத்தைக் காரணமாகச் சொன்னார். அவர் மகளுக்கு ஆட்டிசம் உண்டு. ஸ்டூவர்ட் பெயரில் இங்கே இயங்கும் அறக்கட்டளை, அப்படிப்பட்ட குழந்தைகளின் குடும்பங்கள் சில நாள் இளைப்பாற வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது. உங்கள் அணிக்கு நேர்ந்தது சரியென்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஊருக்குத் திரும்ப அவருக்கு ஆட்டத்துக்கு வெளியேயும் காரணம் இருந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

பரமட்டா நேசன்:
அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன் அண்ணா, அன்றும் மதித்தேன். மகள் என்று வந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கான்பராவில் அவர் செய்திருப்பது பெரிய வேலை. 15-ஆவது இடத்திலிருந்து முதலிடம் வரை, நடுவில் விட்டுப் போகாமல். அதை ஒப்புக்கொள்கிறேன். பெல்லாமிக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன், அதற்கு இன்னொரு கோப்பை வேண்டும். அந்த 12 பேரில் ஒருவர் பெயரைக் கேட்டாலும் எனக்கு இன்னும் வலிக்கிறது, அதையும் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

கான்பராவாசி:
மாற்றிக்கொள்ள வேண்டாம் தம்பி. பரமட்டா கடைசி இடத்தில் கிடந்த ஆண்டிலும் டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்தவர் நீங்கள். நாங்கள் 2014-இல் செய்தது அதுதான்.