கிளவுசனர் கல்லறையில் சாம்பல் மட்டும் இருப்பது ஏன்?

ஓய்வுபெற்ற ஆர்.ஐ.:
மகள் வீட்டில் தங்க பெர்லின் வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன ஞாயிறு மரியா ரெஜினா மார்ட்டிரும் கோவிலுக்குத் திருப்பலிக்குப் போனோம். நாஜி காலத்து மறைசாட்சிகள் நினைவாக 1963-ல் அபிஷேகம் செய்த கோவில். கருங்கல் சுவர் சூழ்ந்த பெரிய முற்றம், வெண்கலத்தில் சிலுவைப்பாதை. கீழே நிலவறையில், மடியில் மகனைக் கிடத்திய மாதா. தரையில் மூன்று கல்வெட்டு வாசகங்கள். ஒன்று அடக்கம் மறுக்கப்பட்டவர்களுக்கு, ஒன்று கல்லறை எங்கே என்றே தெரியாதவர்களுக்கு. மூன்றாவதில் மட்டும் ஒரு பெயர்: டாக்டர் எரிக் கிளவுசனர். அவர் அரசு அதிகாரி, அலுவலகத்திலேயே சுடப்பட்டார், இங்கே இருப்பது சாம்பல் என்று மகள் சொன்னாள்.

31 வருடம் வருவாய்த்துறையில் இருந்தவன் நான். அதிகாரியை அவர் அறையிலேயே அரசாங்கம் சுட்டது என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. அப்புறம், அந்தக் காலத்தில் திருச்சபை தகனத்தை அனுமதிக்கவில்லையே. சாம்பல் எப்படி வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெர்லின்வாசி:
ஐயா, மகள் சொன்னது அத்தனையும் உண்மை. 1885-ல் டுசல்டார்ஃபில் பிறந்தவர், சட்டம் படித்தவர். அடெனாவிலும் ரெக்லிங்ஹவுசனிலும் லாண்ட்ராட், நம் கலெக்டர் மாதிரி வையுங்கள். 1926-லிருந்து பிரஷ்ய உள்துறையில் காவல் பிரிவின் தலைவர். பிரஷ்யா அப்போது ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலம். நாஜிகளின் தெருச் சண்டைகளை அடக்க வேண்டியிருந்த வருடங்கள் அவை. அந்தக் கணக்கை அவர்கள் மறக்கவில்லை. 1933-ல் ஹிட்லரின் வலக்கையான கோரிங் உள்துறைக்கு வந்ததும் அந்த நாற்காலி போனது. போக்குவரத்து அமைச்சகத்தில் கப்பல் பிரிவைக் கொடுத்தார்கள். தண்ணியில்லாக் காடு என்போமே, அந்த வகை மாற்றல்.

1934 ஜூன் 30, சனிக்கிழமை மதியம், கூர்ட் கில்டிஷ் என்ற எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) அதிகாரி அந்த அலுவலகத்துக்கு வந்தான். அனுப்பியவன் ஹெய்ட்ரிஷ், நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோவின் தலைவன். கைது என்று சொன்னதும் கிளவுசனர் மறுபேச்சில்லாமல் கோட்டை எடுக்கத் திரும்பினார். பின்னாலிருந்து சுட்டான். பிறகு அந்த மேசையிலிருந்த தொலைபேசியிலேயே ஹெய்ட்ரிஷை அழைத்தான். தற்கொலை போலக் காட்டு என்று உத்தரவு. துப்பாக்கியை இறந்தவர் கையருகே வைத்து, வாசலில் காவல் போட்டுவிட்டுப் போனான்.

உடலைக் குடும்பத்திடம் தரவில்லை. அவர்கள் விருப்பத்துக்கு எதிராகவே எரித்துச் சாம்பலைக் கொடுத்தார்கள். தற்கொலை செய்தவருக்கும் திருச்சபை அடக்கம் மறுத்த காலம் அது. ஒரு விசுவாசிக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. ஆனாலும் திருச்சபை அந்தக் கதையை நம்பவில்லை. அவருக்கு முறைப்படி அடக்கச் சடங்கு நடந்தது. முதலில் புனித மத்தியா கல்லறைத் தோட்டத்தில், பிறகுதான் நீங்கள் பார்த்த நிலவறையில்.

மழைக்காலம்:
ஒரு சந்தேகம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசிவரை அதே அரசில் சம்பளம் வாங்கியவரை எதிர்ப்பாளர் என்று சொல்லலாமா? ஹிட்லர் படையில் சேர மறுத்து 1943-ல் தலை வெட்டப்பட்ட யேகர்ஸ்டேட்டர் இருக்கிறார். யூதர்களுக்காகப் பீடத்தில் நின்று வெளிப்படையாக ஜெபித்து, டாக்ஹவ் வதைமுகாமுக்குப் போகும் வழியில் இறந்த லிக்டன்பெர்க் அடிகளார் இருக்கிறார். இவர் அப்படி என்ன செய்தார்?

பெர்லின்வாசி:
நியாயமான கேள்வி. சதி எதுவும் செய்யவில்லை, குண்டும் வைக்கவில்லை. 1928 முதல் பெர்லினில் கத்தோலிக்கச் செயல் என்ற பொதுநிலையாளர் (குருக்கள் அல்லாத விசுவாசிகள்) இயக்கத்தின் தலைவர் அவர். சாவதற்கு ஆறு நாள் முன்பு, ஜூன் 24, ஹோப்பகார்டன் குதிரைப் பந்தய மைதானத்தில் கத்தோலிக்கர் மாநாடு. சுமார் 60,000 பேர். முடிவில் அவர் பேசினார். கட்சி கூப்பிடாமலே இத்தனை பேர் ஒரு பொதுநிலையாளர் பேச்சைக் கேட்க நிற்கிறார்கள் என்பதே ஆட்சிக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைப் பிடுங்கியாயிற்று, ஆனாலும் ஆள் ஓயவில்லை. என் அளவில் அது எதிர்ப்புதான். யேகர்ஸ்டேட்டரோடு ஒப்பிட வேண்டாம். இரண்டு பேரும் இரண்டு விதம்.

அவர் மனைவியையும் சேர்த்துப் பாருங்கள். ஜூன் 30 தொடங்கி மூன்று நாள் ஹிட்லர் தனக்கு வேண்டாதவர்கள் பலரைக் கொன்று தீர்த்தார், கிளவுசனர் அதில் ஒருவர். ஜூலை 3-லேயே, அந்த மூன்று நாள் கொலைகளும் அரசின் தற்காப்பு, எனவே சட்டப்படி சரி என்று ஒரே வாக்கியத்தில் சட்டம் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த அம்மா அரசிடம் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 1935-ல் அவருடைய வழக்கறிஞர்களையே கெஸ்டாபோ பிடித்துப்போனது.

ஓய்வுபெற்ற ஆர்.ஐ.:
மிக்க நன்றி தம்பி. இழப்பீட்டு வழக்கு என்று படித்ததும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அது பணத்துக்கான வழக்கு மட்டும் இல்லை. கோப்பில் ‘தற்கொலை’ என்று ஒரு வரி ஏறிவிட்டது. ஏறிய வரியை எடுக்க வைப்பது எவ்வளவு பாடு என்று கோப்போடு கிடந்த எனக்குத் தெரியும். எழுதியவன் கையில் துப்பாக்கி இருக்கும்போதே அந்த அம்மா அந்த வரியை மறுத்து மனு போட்டிருக்கிறார். சுட்டவனுக்குப் பிறகு தண்டனை கிடைத்ததா?

பெர்லின்வாசி:
கிடைத்தது. 1950-களில் பெர்லின் நீதிமன்றம் கில்டிஷுக்கு 15 வருடம் கொடுத்தது.

ஓய்வுபெற்ற ஆர்.ஐ.:
சரி. வருகிற ஞாயிறு மறுபடி போகிறேன். இந்த முறை அந்த அம்மா பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி.