வரைபட உறுப்புகளைக் காட்டுவதும் மறைப்பதும்: ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

கையேட்டாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கட்டட வரைவு மென்பொருள் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு பாடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ரெவிட் என்ற மென்பொருளில் வி, ஜி என்று இரண்டு எழுத்தைத் தட்டினால் ஒரு பெட்டி திறக்குமே, அதைப் பற்றிய பாடம். சுவர், கதவு, அறைகலன் என்று வகைகளின் பட்டியல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக் கட்டம். அறைகலனுக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்தால் அந்தக் காட்சியில் (தளப்படம், முகப்புப் படம் போன்ற ஒன்றில்) மட்டும் மேசை நாற்காலி போய்விடும், மற்றக் காட்சிகளில் அப்படியே இருக்கும். இந்தப் பெட்டிக்கு என்ன பெயர் வைப்பது? இப்போதைக்குத் 'தெரிவுநிலை' என்று போட்டிருக்கிறேன். இணையத்தில் எங்கே தேடினாலும் அதுதான் கிடைக்கிறது.

முற்றம் எழுதியது:

> இப்போதைக்குத் 'தெரிவுநிலை' என்று போட்டிருக்கிறேன்

வேண்டாம் அண்ணா. இலங்கை வழக்கில் தெரிவு என்றால் தேர்ந்தெடுப்பது. தெரிவுக்குழு, தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் என்று நாளும் எழுதுகிறோம். உங்கள் மென்பொருளில் ஒரு கதவைச் சொடுக்கினால் அது தெரிவாகிறது. அப்புறம் 'தெரிவான கதவின் தெரிவுநிலை' என்று எழுதுவீர்களா?

நன்னூல்நேயன் எழுதியது:

முற்றம் சொல்வது நியாயம். ஆனால் குழப்பம் நேற்று வந்ததல்ல. தெரிதல் என்ற ஒரே வினைக்குத் தோன்றுதல், அறிதல், ஆராய்ந்து தேர்தல் என்று மூன்று வேலை. குறளில் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல், 52 தெரிந்துவினையாடல்; இரண்டிலும் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றிய பேச்சே இல்லை, ஆளைத் தேர்வது பற்றித்தான்.

நமக்கு வேண்டியது, சொற்கள் சேரும்போது எழுத்தில் நேரும் மாற்றமான புணர்ச்சி விகாரத்திலேயே இருக்கிறது. நன்னூல் சொல்கிறது: 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம் மூன்றும் மொழிமூ விடத்தும் ஆகும்.' அந்தப் பெட்டி செய்வது இந்த மூன்றும்தானே? உறுப்பைக் காட்டினால் தோன்றல். கோட்டின் நிறத்தையும் தடிமனையும் அந்தக் காட்சிக்கு மட்டும் மாற்றினால் திரிதல். மறைத்தால் கெடுதல். பெட்டிக்கு 'விகாரம்' என்றே பெயர் வைக்கலாம்.

வரைபலகை எழுதியது:

ஐயா, மன்னிக்கவும். பொத்தானில் 'நாற்காலிகளைக் கெடு' என்று போட்டால் மாணவர் என்ன நினைப்பார்? விகாரம் என்ற தலைப்பைப் பார்த்தால் வீட்டுக்காரரே படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்கிறேன். நான் வரைவு சொல்லிக்கொடுக்கிறவன். வகுப்பில் மாணவர் அதிகம் தடுமாறுவது மறைப்பதும் அழிப்பதும் ஒன்றா என்பதில்தான். ரெவிட்டில் ஒரு கதவை ஒரு காட்சியில் மறைத்தாலும் கதவு அட்டவணையில் அது எண்ணப்படும். படத்தில் பத்துக் கதவு, அட்டவணையில் பதினொன்று என்று வந்து நிற்பார்கள். ஆட்டோகேட் மென்பொருளில் இன்னும் சிக்கல். வரைந்தவற்றைப் பிரித்து வைக்கும் லேயரை ஆஃப் செய்தால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அழி என்று கட்டளை கொடுத்து 'எல்லாம்' என்றால் அதில் இருப்பதும் சேர்ந்து போய்விடும். ஃப்ரீஸ் செய்த லேயரில் இருப்பது தப்பிக்கும். திரை இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த வேறுபாட்டைக் காட்டாத சொல் எவ்வளவு தூயதாக இருந்தாலும் எனக்கு உதவாது.

நன்னூல்நேயன் எழுதியது:

> மறைத்தாலும் கதவு அட்டவணையில் அது எண்ணப்படும்

அப்படியானால் கெடுதல் வேண்டாம், விட்டுவிடுகிறேன். கெட்ட எழுத்து போனதுதான். தம்பி சொல்வது இருந்துகொண்டே வெளித்தெரியாமல் நிற்பது. அதற்கென்றே ஒரு சொல் உண்டு: கரத்தல். 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை.' ஊறுகாய் என்னும்போது காலம் அழிந்துவிடவில்லை. ஊறின, ஊறுகின்ற, ஊறும் என்று மூன்றும் உள்ளே நிற்கின்றன, உருபு மட்டும் வெளியில் இல்லை. அட்டவணையில் எண்ணப்படும் கதவும் அப்படித்தான். ஆகவே அழிப்பதற்கு அழித்தல், மறைப்பதற்குக் கரத்தல். கரந்துறை பாட்டு தெரியும் அல்லவா, ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பது? கரவு, கரப்பு எல்லாம் ஒரே குடும்பம். கரப்பான் பூச்சிக்கும் இதுவே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். விளக்கைப் போட்டால் கரந்துவிடுகிறதே.

நுனிப்புல் எழுதியது:

கரப்பான் என்று ஒரு தோல் நோயும் உண்டு ஐயா. அது ஒளிவதில்லை, நன்றாகவே வெளியில் தெரியும்.

நன்னூல்நேயன் எழுதியது:

அந்தக் கரப்பானுக்குச் 'சொரசொரப்பு' என்ற பொருளில் வேறு வேர் காட்டலாம். கரகரப்பு, கரடு, கரடுமுரடு என்று நீளும். தனி மடலில் எழுதுகிறேன்.

கையேட்டாளர் எழுதியது:

ஐயா, பூச்சியைத் தனி மடலுக்கு அனுப்பியதற்கு நன்றி. ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். 'இக்காட்சியில் கதவுகள் கரந்துள்ளன.' அழகாக இருக்கிறது. ஆனால் மாணவர் 'கறந்துள்ளன' என்று படித்துவிட்டு மாட்டைத் தேடுவார். பொத்தானுக்குக் காட்டு, மறை என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். தலைப்புப் பெயர்ச்சொல்தான் இன்னும் வரவில்லை. 'மறைப்பு' போதுமா?

பிழைதிருத்தி எழுதியது:

போதாது. யாரும் மறைக்காமலே தெரியாமல் போகும் உறுப்பு உண்டே. தளப்படத்தின் வெட்டுத்தளம், அதாவது கட்டடத்தைக் கிடையாக வெட்டிப் பார்க்கும் மட்டம், 1200 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், அதற்கு மேலே உயரத்தில் வைத்த சிறிய சன்னல் படத்தில் வராது. மாணவர் அந்தப் பெட்டிக்குப் போய் டிக் இருக்கிறதா என்று பார்ப்பார், இருக்கும். மறைத்தவற்றை வெளிக்காட்டும் விளக்குப் பொத்தானை அமுக்குவார். மறைத்தவையெல்லாம் மெஜந்தா நிறத்தில் வரும், சன்னல் அப்போதும் வராது. அது மறைக்கப்படவில்லை, எல்லைக்குள் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர்ச்சொல் வேண்டும் என்பதால் 'புலப்பாடு' என்பது என் பரிந்துரை. வகைப் புலப்பாடு, உறுப்புப் புலப்பாடு, தற்காலிகப் புலப்பாடு என்று முன்னொட்டும் ஏற்கும்.

நுனிப்புல் எழுதியது:

'காட்சிக் கட்டுப்பாடு' எல்லாருக்கும் புரியுமே?

பிழைதிருத்தி எழுதியது:

தளப்படம், முகப்புப் படம் எல்லாவற்றையும் கையேடு 'காட்சி' என்றுதான் சொல்கிறது. 'காட்சியின் காட்சிக் கட்டுப்பாடு' என்றால் தெரிவான கதவின் தெரிவுநிலைக்கே திரும்பிவிடுவோம்.

வரைபலகை எழுதியது:

புலப்பாடு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் மாணவர் வேலைக்குப் போகும் இடத்தில் மேற்பார்வையாளர் 'அந்த லேயரை ஃப்ரீஸ் பண்ணு' என்றுதான் சொல்வார். உறையவை என்று கற்றுக்கொடுத்தால் இவர் விழிப்பார். லேயர், ஃப்ரீஸ் இரண்டையும் அப்படியே விடுங்கள்.

நன்னூல்நேயன் எழுதியது:

செய்யுளுக்கு 34 உறுப்பு வகுத்துப் பெயர் வைத்த மொழிக்கு லேயருக்கு ஒரு சொல் கிடைக்காதா? படலம் இருக்கிறது, அடுக்கு இருக்கிறது. உறைதலுக்குத் தங்குதல் என்ற பொருளும் இருப்பதால் 'உறைந்த படலத்தில் உறையும் கதவு' என்று சிலேடையே பாடலாம்.

வரைபலகை எழுதியது:

நீங்கள் பாடுங்கள் ஐயா. கோப்பை நான் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

கையேட்டாளர் எழுதியது:

நேரமில்லை. தலைப்பு: புலப்பாடு. பொத்தான்: காட்டு, மறை. லேயரும் ஃப்ரீஸும் அப்படியே. ஃப்ரீஸுக்கும் ஆஃபுக்கும் உள்ள வேறுபாட்டை வரைபலகை சொன்ன 'எல்லாம் அழி' எடுத்துக்காட்டோடு ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன். உயரத்துச் சன்னலும் உள்ளே வந்துவிட்டது. ஒரு காட்சிக்கு மட்டும் கோட்டின் நிறத்தை மாற்றுகிறோமே, அதற்குத்தான் இன்னும் சொல் இல்லை.

நன்னூல்நேயன் எழுதியது:

புறனடை. பொது விதி சொன்ன பிறகு, அதில் அடங்காததை ஏற்க இயலின் கடைசியில் வைக்கும் நூற்பா.

முற்றம் எழுதியது:

அது எங்களிடம் 'புறநடை' என்று விதிவிலக்குக்கு வழங்குகிறது, நிரலாக்கத்தில் பிழை எறிவதற்கும் அதைத்தான் எழுதுகிறோம். தெரிவு போல இதுவும் இரட்டை வேலை பார்க்கும்.

கையேட்டாளர் எழுதியது:

பொது அமைப்பை மீறி மேலே நிற்கும் ஆணை என்ற பொருளில் 'மேலாணை' என்று போட்டு அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

வரைபலகை எழுதியது:

நல்லது. வகுப்பில் நான் விசிபிலிட்டி என்றுதான் சொல்லப்போகிறேன், பதிவுக்காக.

நன்னூல்நேயன் எழுதியது:

மேலாணையில் ஆணையிடுபவர் யார்? காட்சியா, வரைபவரா? இரண்டாம் பதிப்பு எப்போது வருகிறது என்று சொல்லுங்கள்.